சும்மா இருந்தவர்கள்

குழாயடியில் கால் சேற்றைக் கழுவிக்கொண்டே, "நான் வீட்ல சும்மாதான் இருக்கேன்" என்று சொன்னாள் மேட்டுக்காரி. மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்த டீச்சர் அதை அப்படியே டேப்லெட்டில் தட்டிக்கொண்டார். முழங்கால்வரை சேறு, தோளில் களைக்கொத்து, காலடியில் அப்போதுதான் பறித்துவந்த தக்காளிக் கூடை. இவ்வளவையும் வைத்துக்கொண்டு ஒருத்தி சும்மா இருக்கிறேன் என்று சொன்னது இரண்டு பேருக்குமே உறுத்தவில்லை. டீச்சருக்கு அன்றைக்கு முடிக்க இன்னும் பதினெட்டு வீடு பாக்கி. மேட்டுக்காரிக்கு வெயில் ஏறுவதற்குள் இன்னொரு கூடை பறித்தாக வேண்டும். குடும்பத் தலைவர் என்ன செய்கிறார் என்று கேட்டபோது மட்டும், "குடோன்ல ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறாரு" என்று கொஞ்சம் நிமிர்ந்து சொன்னாள். மகள் நகரத்தில் மருந்துக் கடையில் இருக்கிறாள். அதையும் சொன்னாள். தன்னைப் பற்றிக் கேட்டதும்தான் அந்த வார்த்தை, யாரும் கற்றுக்கொடுக்காமல், தானாக வாயில் வந்தது.

அவளுடைய ஒன்றரை ஏக்கர், கிளை வாய்க்காலின் கடைசியில், மற்ற வயல்களைவிட ஒரு முழம் உயரத்தில் இருந்தது. அதனால் அவள் மேட்டுக்காரி. எல்லோருடைய வயலும் நனைந்த பிறகுதான் அங்கே தண்ணீர் ஏறும். அதுவும் போனால் போகிறதென்று வருவதுபோல மெதுவாக வரும். அந்தக் கொஞ்சத் தண்ணீரை எந்த மடையில் எப்போது அடைத்து எப்போது திறந்தால் கடைசிப் பாத்திவரை போய்ச் சேரும் என்பது இருபத்திரண்டு வருடமாக அவளுக்கு மட்டுமே தெரிந்த வித்தை.

டீச்சர் வந்துபோன ஐந்தாவது மாதம் வாய்க்கால் மதகில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். அதை முதலில் பார்த்தது பக்கத்து வீட்டு ரேடியோ அக்கா. போட்டால் நிறுத்தத் தெரியாத வாய் என்பதால் அந்தப் பெயர். அன்றைக்கு என்னவோ அவள் பேச்சில்லாமல் வந்து நின்றாள். அதைப் பார்த்தே மேட்டுக்காரி கைவேலையைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

"தண்ணிய நிறுத்தப் போறாங்களாம்டி. ஒரேயடியா. இங்க விவசாயமே யாரும் பண்ணலையாம்."

"யாரு சொன்னது?"

"நாமதான் சொன்னோம்னு போட்டிருக்கு."

மறுநாள் காலையில் மேட்டுக்காரி பஸ் பிடித்துப் பாசன அலுவலகத்துக்குப் போனாள். இன்ஜினியருக்கு அவளுடைய மகள் வயதுதான் இருக்கும். மேசையில் ஒரு பக்கம் கோப்புகள், இன்னொரு பக்கம் மூடி தொலைந்த தண்ணீர் பாட்டில். உட்காரச் சொன்னார். அதுவே அவளுக்கு ஆச்சரியம். முப்பது பேருக்கும் குறைவானவர்கள் விவசாயம் செய்கிற கிளை வாய்க்கால்களை மூடிவிட்டு, அந்தத் தண்ணீரைத் தொழிற்பேட்டைப் பக்கம் திருப்புவதாக மேலிடத்து முடிவு என்றார். உங்கள் வாய்க்காலில் மொத்தம் நாலு பேர்தான் என்று கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். அந்த நாலு பேரையும் அவளுக்குத் தெரியும். எல்லோரும் எழுபதைத் தாண்டிய ஆண்கள். வரப்பில் கால் வைத்தே பல வருடம் ஆகிறது. ஒருவர் போன மாதம் போய்ச் சேர்ந்தும் விட்டார்.

"என் பேரு எங்க சார்?"

அவர் தேடிக் காட்டினார். அவள் வீட்டு எண், அவள் வயது, எல்லாம் சரியாக இருந்தது. தொழில் என்ற இடத்தில் 'இல்லை' என்று இருந்தது. அவளுக்குச் சுருக்கென்றது. கீழே உருட்டச் சொன்னாள். ரேடியோ அக்கா, தொழில் இல்லை. மதகடி வீட்டுக்காரி, தொழில் இல்லை. விடிந்தால் மிளகாய்க் காட்டில் நிற்கிற அந்த வீட்டு மருமகள், தொழில் இல்லை. வரிசையாக எல்லாப் பெண்களும் வேலைவெட்டி இல்லாதவர்களாகிவிட்டிருந்தார்கள். ஆண்கள் எல்லோரும் குடோன், லாரி, கட்டட வேலை, காவல் வேலை. ஒருவரும் பொய் சொல்லவில்லை.

"தண்ணிய நான் நிறுத்தலம்மா. உங்க பதில்தான் நிறுத்துது" என்றார் இன்ஜினியர். குரலில் நக்கல் இல்லை. "ஒரு காலத்துல நூறு பேர்ல எழுபது பேர் விவசாயம்னு எழுதினாங்க. இப்ப நாட்டோட வருமானத்துல அதுக்கு ஒரு ஓரமாத்தான் இடம். தண்ணி குடுக்கறதுன்னா இத்தனை ஆளு இருக்காங்கன்னு நான் மேல காட்டணும். என்கிட்ட என்ன இருக்கு காட்ட?"

"சாப்பிடறவங்க எத்தனை பேருன்னும் எண்ணினாங்களா சார்?"

அவர் சிரித்துவிட்டார். "அது வேற டிபார்ட்மென்ட்மா."

ஆட்சேபம் இருந்தால் பதினைந்து நாளுக்குள் சொல்லலாம். ஒரு ஆளுக்காக இன்னொரு ஆள் சொல்லக் கூடாது. அவரவர் பதிலை அவரவரே வந்து திருத்த வேண்டும். அவள் அதை மட்டும் இரண்டு முறை கேட்டு மனதில் ஏற்றிக்கொண்டு எழுந்தாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் தன்மேலேயே எரிச்சல் எரிச்சலாக வந்தது. ஏன் அப்படிச் சொன்னேன்? யோசித்துப் பார்த்தால் விஷயம் இவ்வளவுதான்: வேலை என்றால் யாராவது நம்மை வரச் சொல்ல வேண்டும், கழுத்தில் ஒரு அட்டை தொங்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை லீவு விட வேண்டும். இது எதுவும் இல்லாமல் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை செய்வதெல்லாம் சும்மா.

புருஷனிடம் சொன்னபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கெட்ட மனிதரில்லை. பத்து வருடம் அவரும் அதே மேட்டில் மாரடித்தவர்தான். அடுத்தடுத்து இரண்டு போகம் கருகியதைக் கண்ணால் பார்த்த பிறகு ஒருநாள் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் குடோனுக்குப் போனார். இப்போது முதுகு வலி குறைந்திருக்கிறது. கப்பலில் வந்து இறங்கும் வெங்காய மூட்டைகளைப் பலகையோடு தூக்கி, ஐந்தாவது அடுக்கில் பொட்டுவைத்தாற்போல வைப்பார். அதில் அவருக்கு நல்ல பேர்.

"விட்டுத் தள்ளு" என்றார். "தண்ணி நின்னா அது விவசாய நிலம் இல்லேன்னு ஆயிடும். குடோன்காரங்க இன்னும் ரெண்டு ஷெட் போடப் போறாங்க. அவங்களே வந்து கேப்பாங்க. நமக்கு நல்லதுதானே?"

"கேட்டா குடுத்துடுவீங்களா?"

"நீ எதுக்கு இப்படி மல்லுக்கு நிக்கிற? அந்த மேட்டுல என்ன கொட்டியா கெடக்கு?"

மண்ணைத் தாய் என்றெல்லாம் பேசுகிறவள் இல்லை அவள். அந்த மண் அவளைப் படுத்திய பாட்டுக்கு, தாய் என்றால் நல்ல தாய்தான். பாத்திரம் கழுவும்போதுதான் பதில் கிடைத்தது. கழுவிய தட்டைக் கையில் பிடித்தபடியே வந்து சொன்னாள்.

"எனக்கு வேற எதுவும் இவ்வளவு நல்லா வராதுங்க. உங்களுக்கு அந்த வண்டி எப்படியோ எனக்கு அது அப்படி. கப்பல்ல வர்ற வெங்காயத்தத் தூக்கி வெக்கிறது தொழில், மேட்டுல வெங்காயம் வெளைய வெக்கிறது சும்மாவா?"

அவர் சீருடையை எடுத்து மடித்து வைக்கப் போனார். சம்மதம் சொல்லவில்லை.

அன்று தொடங்கி அவள் வீடு வீடாக ஏறி இறங்கினாள். காலையில் வயல், மத்தியானம் அடுத்தவர் வாசல். எடுத்த எடுப்பில் எல்லோரும் கையை விரித்தார்கள். பேரை எழுதினால் வரி போடுவார்களோ என்று ஒருத்தி பயந்தாள். நிலம் மாமனார் பேரில் இருக்கிறது, நான் யார் சொல்வதற்கு என்றாள் இன்னொருத்தி. நீ சொன்னால் கேட்பார்களா என்று இழுத்தாள் மதகடி வீட்டுக்காரி. ரேடியோ அக்கா மட்டும் கூடவே வந்தாள். ஆனால் மேட்டுக்காரி ஒரு வார்த்தை சொல்வதற்குள் அவள் ஒன்பது வார்த்தை சொல்லி, விஷயம் வேறெங்கோ போய், கடைசியில் யார் வீட்டு மாடு கன்று போட்டது என்பதில் வந்து நின்றது. மூன்று நாளில் ஏழே பேர்தான் சரி என்றார்கள்.

நாலாம் நாள் வழியை மாற்றினாள். விவசாயி என்று சொல்லு, வந்து எழுது என்றெல்லாம் கேட்பதை விட்டாள். மிளகாய்க் காட்டு மருமகளிடம் போய், "நேத்து எழுந்ததுல இருந்து என்னென்ன பண்ண?" என்று மட்டும் கேட்டாள்.

"என்ன பண்ணேன், சும்மாதான்..."

"சரி. எழுந்த. அப்புறம்?"

"மாட்டைக் கட்டி, சாணி அள்ளி, அப்புறம் கீழ் மடையத் திறக்கப் போனேன். வரும்போது ரெண்டு வரிசை களை எடுத்தேன். பூச்சி விழுந்திருக்கான்னு எலையத் திருப்பிப் பாத்தேன். பத்து மணிக்கு வந்து..."

அந்தப் பெண் விரல் விட்டுச் சொல்லச் சொல்லப் பத்து விரலும் போதவில்லை. பாதியில் நிறுத்திவிட்டு மேட்டுக்காரியைப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. "எங்க வீட்ல இதுவரைக்கும் யாரும் இதைக் கேட்டதில்லக்கா" என்றாள். மேட்டுக்காரிக்கு அழுதுகொண்டிருக்க நேரமில்லை. எந்த பஸ்ஸில் எத்தனை மணிக்கு என்று சொல்லிவிட்டு அடுத்த வாசலுக்கு நடந்தாள்.

மசியாதவள் தையல்காரி ஒருத்திதான். வாசல் அறையில் தையல் மெஷின் இருந்தாலும் வாரத்தில் நாலு நாள் அவள் அவரைக்காய்ப் பந்தலுக்கடியில்தான் கிடப்பாள். "சம்பந்தி வீட்ல நான் தையல்காரின்னுதான் தெரியும். சேத்துல எறங்குறேன்னு தெரிஞ்சா என் பொண்ணைத்தான் ஒரு மாதிரி பாப்பாங்க. என்னை விட்டுடு" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். மேட்டுக்காரி வற்புறுத்தவில்லை. அந்தப் பயம் அவளுக்கும் புரியாததல்ல. அவள் மகளும் மருந்துக் கடையில் அம்மாவைப் பற்றி என்ன சொல்லி வைத்திருக்கிறாளோ, யார் கண்டது.

பதின்மூன்றாம் நாள் ஒரே பஸ்ஸில் முப்பத்துமூன்று பெண்கள் ஏறினார்கள். கண்டக்டர், "எங்கம்மா, மாநாடா?" என்று கேட்டு ரேடியோ அக்காவிடம் மாட்டிக்கொண்டார். அலுவலகம் வரும்வரை அவருக்கு விடுதலை கிடைக்கவில்லை.

இன்ஜினியர் எழுந்து நின்றே விட்டார். அறையில் அத்தனை பேர் நிற்க இடமில்லை. பாதிப் பேர் நடையில் நின்றார்கள். அவர்கள் நிரப்பிக் கொண்டுவந்த திருத்தப் படிவங்களில் முதல் தாளை அவர் எடுத்துப் படித்தார், இரண்டாவதைப் படித்தார், மிச்சத்தைப் புரட்டினார், பிறகு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"அம்மா, இதுல ஒருத்தர் பேர்லயும் நிலமே இல்லையே. எல்லாம் வீட்டுக்காரர் பேரு, மாமனார் பேரு. நான் எப்படி உங்களை விவசாயின்னு எடுத்துக்கறது?"

நடையில் சலசலப்பு எழுந்தது. நான் சொன்னேனே என்று யாரோ முணுமுணுத்தார்கள். நாலு பேர் வாசலைப் பார்க்கத் திரும்பியும் விட்டார்கள். மேட்டுக்காரி அவர்களைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை பேரை வேலையைப் போட்டுவிட்டு வரச்சொல்லி இழுத்து வந்து, இப்போது வந்த வழியே திரும்பிப் போகச் சொல்வதா? அந்தத் தாளை அவர் கையிலிருந்து வாங்கி, மேசையில் விரித்து, கேள்வியின்மேல் விரலை வைத்தாள். வெங்காயத் தோல் நிறம் ஏறிய விரல்.

"இதைக் கொஞ்சம் சத்தமா படிங்க சார்."

அவர் படித்தார். "கடந்த ஓராண்டில் அதிக நாட்கள் செய்த வேலை என்ன?"

"நிலம் யாருதுன்னா கேட்டிருக்கு?"

இன்ஜினியர் இன்னொரு முறை மனதுக்குள் படித்தார். பிறகு விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். ரேடியோ அக்கா உட்பட யாரும் பேசவில்லை. கடைசியில் புத்தகத்தை மூடிவிட்டு, "இல்லதான்" என்றார். மேட்டுக்காரிக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

ஆனால் அதோடு முடியவில்லை. கணக்கெடுத்தவர் மறுபடி நேரில் பார்த்து, வேலை செய்யும் இடத்திலேயே பார்த்து, கையெழுத்துப் போட வேண்டும். அப்போதுதான் தையல்காரி உள்ளே நுழைந்தாள். அடுத்த பஸ்ஸில் வந்திருக்கிறாள். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது. யாரையும் பார்க்காமல் நேரே மேசைக்குப் போனாள்.

"மொதல்ல விவசாயம் எழுதுங்க சார். ரெண்டாவதா தையல். மாத்தி எழுதிடாதீங்க."

டீச்சர் அடுத்த வாரம் முழுக்கப் பள்ளிக்கூடம் விட்டதும் வயல் வயலாக வந்தார். முதல் நாள் மேட்டு வயலில் கால் வைத்தபோது அவர் முகம் சரியில்லை.

"நீங்க சொன்னதத்தானே நான் எழுதினேன்?" என்றார்.

"நீங்க கேட்டீங்க, நானும் சொன்னேன். ரெண்டு பேரும் என் கால்ல இருந்த சேத்தப் பாக்கல டீச்சர்" என்றாள் மேட்டுக்காரி.

டீச்சர் சிரிக்கப் பார்த்து முடியாமல் டேப்லெட்டைத் துடைத்தார். அன்று இரண்டு மணி நேரம் வரப்பிலேயே நின்றார். முப்பத்துநாலு பேரில் மூன்று பேரை வீட்டு ஆண்கள் தடுத்துவிட்டார்கள். குடோன்காரர்களிடம் ஏற்கெனவே பேசி வைத்திருந்தவர்கள் அவர்கள். மிச்சம் முப்பத்தொன்று. தாள்கள் மேலே போயின. ஒரு மாதம் ஆகலாம், இரண்டு மாதமும் ஆகலாம் என்றார் இன்ஜினியர். "என்ன வரும்னு சத்தியமா எனக்குத் தெரியாதும்மா. முப்பதுங்கறத அவங்க நாப்பதா மாத்தினாலும் மாத்துவாங்க. நான் நல்லாத்தான் எழுதி அனுப்பியிருக்கேன்."

அவளுக்கு ஒரு மாதம் இல்லை. போன வருடம் பூக்கவிட்டு எடுத்த வெங்காய விதை ஒரு தகர டப்பாவில் இருந்தது. வெங்காய விதைக்கு ஆயுசு ஒரு வருடம்தான். இந்தப் பட்டம் தவறினால் அடுத்த வருடம் பாதிகூட முளைக்காது. இப்போது நாற்று விட்டால் ஆறேழு வாரத்தில் பிடுங்கி நட வேண்டும். நாற்றுக்குக் குடத்துத் தண்ணீர் போதும். நட்ட பிறகு வாய்க்கால் வராவிட்டால் எல்லாம் மண்ணோடு மண். இரண்டு நாள் அவள் டப்பாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

"உத்தரவு வரட்டும், அப்புறம் போடேன்" என்றார் புருஷன்.

"விதைக்கு உத்தரவெல்லாம் புரியாதுங்க."

"வரலேன்னா?"

"வரலேன்னா நாத்தைப் பிடுங்கித் தலைச்சுமையா அந்த ஆபீசுக்குத் தூக்கிட்டுப் போய் அவங்க மேசைமேல வெப்பேன். இல்லாத தொழில்ல வெளைஞ்சது, பாத்துக்குங்கன்னு."

சொன்னபோது வேடிக்கையாகத்தான் சொன்னாள். சொல்லி முடித்ததும் அதைச் செய்துவிடுவாள் என்று இருவருக்குமே தெரிந்துபோயிற்று. உள்ளுக்குள் பயம் இல்லாமலில்லை. அது பாட்டுக்கு ஒரு மூலையில் கிடந்தது. அதைக் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டு மறுநாள் விடிந்ததும் மேட்டுக்குப் போனாள்.

மண்ணைக் கொத்திப் பொடியாக்கி, கட்டியெல்லாம் கையாலேயே நொறுக்கி, ஒரு சாண் உயரத்துக்கு முதல் பாத்தியை எழுப்பினாள். விரலால் கோடு கிழித்துக் கருப்பு விதைகளை நெருக்கமாகப் போட்டாள். மேலே மெல்லிசாக மண் தூவி, காய்ந்த புல்லைப் பரப்பித் தண்ணீர் தெளித்தாள். நிமிர்ந்து பார்த்தபோது கீழே மிளகாய்க் காட்டு மருமகள் மண்வெட்டியோடு நிற்பது தெரிந்தது. அதற்கும் அப்பால் மதகடி வயலில் யாரோ குனிந்திருந்தார்கள். இவள் விதைத்துவிட்டாள் என்று ரேடியோ அக்கா அதற்குள் ஊர் முழுக்க ஒலிபரப்பியிருக்க வேண்டும். இரண்டாவது பாத்திக்கு அளவு பிடிக்க ஒரு முனையில் குச்சி அடித்துக் கயிற்றைக் கட்டினாள். மறுமுனையை எடுத்துக்கொண்டு நடந்தால் கயிறு காலில் சிக்கியது. காற்று வேறு.

வரப்பில் சத்தம் கேட்டது. புருஷன். குடோன் சீருடை, தடித்த பூட்ஸ், கையில் சாப்பாட்டுப் பை. இந்த வழியாக அவர் வேலைக்குப் போவதில்லை. இது சுற்று வழி. அவர் முதல் பாத்தியின் நீளத்தைக் கண்ணாலேயே அளந்தார். புல் போர்த்தியிருந்ததைப் பார்த்தார்.

"கோணலாப் போவுது" என்றார்.

"ஒத்தக் கையில பிடிச்சா அப்படித்தான் போகும்."

ரோட்டில் குடோன் வேன் வந்து நின்று ஹாரன் அடித்தது. அவர் அந்தப் பக்கம் ஒரு தடவை திரும்பினார். பிறகு பையை வரப்பில் வைத்துவிட்டுக் குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். முடிச்சு இறுகிக் கிடந்தது. வேன் இரண்டாம் முறை ஹாரன் அடித்தது. வெறுங்காலோடு அவர் மேட்டில் இறங்கி வந்து கையை நீட்டினார். அவள் கயிற்றின் முனையை அவரிடம் கொடுத்துவிட்டு, குச்சிப் பக்கம் நடந்து, குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் உங்க பக்கம்" என்றாள். "இன்னும் கொஞ்சம். இழுத்துப் பிடிங்க."

கயிறு விறைத்து நின்றது. ரோட்டிலிருந்து ஹாரன் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.